தொட்டிலில் தொங்கிய வடைமாலை

அந்தமானின் பாராடாங் தீவில் ஓர் ஆண் குழந்தை வாலோடு பிறந்திருக்கிறதாம். முழ நீள வாலாம். அழும்போது அது தானாகவே தூக்கிக்கொள்கிறதாம். மண் எரிமலைக்குப் போகிற பாதையில் ஒரு வீட்டில் வைத்திருக்கிறார்களாம். பார்த்துவிட்டு வந்த ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் இருந்த முதுகுவலி போய்விட்டதாம்.

எனக்கு இதைச் சொன்னவர் பிரவீன்குமார். போர்ட் பிளேரில் ஹேடோ பகுதிக்காரர், சரக்குக் கப்பலில் எஞ்சினியர். கப்பல் ரோட்டர்டாமுக்கு வந்தால் என் வீட்டில் வந்து சாப்பிடுவார். அவருக்குச் சொன்னது அவர் மனைவி. மனைவிக்குச் சொன்னது மீன் கொண்டுவருகிற தெலுங்கு அம்மா.

"முழம்னா யாரோட முழம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கப்படாது சார்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஊரை விட்டு வெகுதூரம் வந்தவனுக்கு ஒவ்வொரு செய்தியும் தன் வீட்டைப் பற்றியதாகவே படும். அவர் போனதும் ருக்குவுக்கு போன் போட்டேன். ருக்கு எங்கள் சித்தி மகள். பாராடாங்கில் வண்டிகள் ஃபெர்ரி ஏறக் காத்திருக்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறாள். அந்தத் தீவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"இங்க ஏதுண்ணே. இங்க எல்லாரும் அது போர்ட் பிளேர்லனு சொல்றாங்க. லம்பா லைன்ல." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நீ வைஜெயந்திக்குப் பேசலையா?"

வைஜெயந்தி என் தங்கை. லம்பா லைனில் வாழ்க்கைப்பட்டவள். கார்த்திகையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. படங்கள் அனுப்பியிருந்தாள். இப்போது அவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முகம்தான். கழுத்துக்குக் கீழே துண்டு.

"யாரு சொன்னா?" என்றாள் வைஜெயந்தி, நான் கூப்பிட்டதும் போனை எடுத்து.

"பிரவீன்குமார்."

"ஆம்பளப் புள்ளன்னா சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப சரிதான். பொம்பளப் புள்ளைக்கு வால்னா அத யாரும் பாராடாங் வரைக்கும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. நடுவழியிலயே சாபமாயிரும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துக்கிட்டு ஊரெல்லாம் போன் போடுவ. இப்பவே எத்தன பேருக்குப் போட்ட?"

"ருக்குவுக்கு மட்டும்."

"அப்ப பாராடாங் முடிஞ்சிச்சு" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முழமெல்லாம் இல்லை. சுண்டுவிரலின் நீளம்கூட வராது. மெத்தென்று இருக்கும், உள்ளே எலும்பு கிடையாது. முதுகு முடிகிற இடத்தில் தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்க வேண்டும், உள்ளே முதுகுத்தண்டோடு ஒட்டியிருக்கிறதா என்று தெரிய வேண்டும், பிறகு வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"வேற ஒண்ணும் இல்லண்ணே. அம்மா வயித்துக்குள்ள நம்ம எல்லாருக்குமே கொஞ்ச வாரம் வால் இருக்கும். அப்புறம் கரைஞ்சிரும். இவளுக்குக் கொஞ்சம் கரையாம நின்னுட்டிருக்கு. அதுக்குப் போயி இந்தத் தெருவே தேங்காய் ஒடைக்குது."

வைஜெயந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் குரங்குகளோடு வளர்ந்தவள். எங்கள் குடும்பம் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கடைசியில் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வந்து நின்ற குடும்பம். போர்ட் பிளேர்ப் பக்கத்துக் காடுகளில் குரங்கு கிடையாது. கச்சாலில் உண்டு, நீள வால்காரக் குரங்குகள். லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கூரையில் ஏறித் தேங்காய் திருடும். கடலோரம் இறங்கி நண்டு பிடிக்கும். நாங்கள் கல்லெறிவோம். அவள் எறிய மாட்டாள். உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாள் ஓடிவந்து அம்மாவிடம், "அந்தக் கொரங்கு ஒன்ன மாதிரியேதாம்மா நண்டு திங்குது. மொதல்ல காலப் புடுங்கிட்டு அப்புறம் ஓட்ட ஒடைக்குது. அதுங்க நமக்குச் சொந்தமா?" என்றாள். அம்மா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை விட்டுத் தலை நிமிராமல், "சொந்தம்னா கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பணும்டி" என்றாள்.

சுனாமியில் கடல் வந்து கச்சாலைக் கொண்டுபோன பிறகு ஹேடோவுக்கு வந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. தமிழில் தொடங்கிய எங்கள் படிப்பு ஆங்கிலத்தில் முடிந்தது. நான் கப்பல்களைப் பின்தொடர்ந்து வெளிநாட்டுக்குப் போனேன். அவள் விலங்கியல் படித்துவிட்டு, தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுன்டரில் உட்கார்ந்தாள். படிப்புக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், "கவுன்டருக்கு வந்து பாருங்க, எல்லா ஜாதி விலங்கும் வரிசையில நிக்கும்" என்பாள்.

அந்தமானில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "மெயின்லேண்ட்ல எங்க?" பெங்காலிக்கும் ஒரு பதில் உண்டு, மலையாளிக்கும் உண்டு. எங்களுக்கு மட்டும் பதில் நீளம். தமிழ்நாட்டிலிருந்து இலங்கை, இலங்கையிலிருந்து திரும்பவும் தமிழ்நாடு, பிறகு கச்சால், பிறகு ஹேடோ. இதைச் சொல்லிச் சொல்லித்தான் வைஜெயந்திக்கு அந்தப் பிடிவாதம் வந்தது என்று நினைக்கிறேன். எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்ல அவள் ஒருநாளும் கூசியதில்லை.

அவள் மாமனார் வெள்ளைச்சாமி பரமக்குடிப் பக்கத்துக்காரர். லம்பா லைனில் மளிகைக்கடை. இளவயதில் கப்பலில் வரும்போது புயலில் மாட்டி, அனுமாரை வேண்டிக் கரைசேர்ந்தவர். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கோயில். மருமகள்மீது அவருக்கு உயிர். அவரைப் பொறுத்தவரை, தம் வீட்டில் அனுமார் பிறக்காமல் வேறு யார் வீட்டில் பிறப்பார்?

முதலில் வந்தது பக்கத்து வீட்டு இந்திக்கார அம்மா. கையில் செந்தூரம். "அரே பேட்டி, தும் தோ கிஸ்மத்வாலி ஹோ" என்று, நீ அதிர்ஷ்டக்காரி என்று சொல்லி, குழந்தையின் வாலில் ஒரு பொட்டு வைத்தார்.

"கிஸ்மத் ஹை தோ ஆப் லே லோ, ஆன்ட்டி" என்றாள் வைஜெயந்தி. அதிர்ஷ்டமென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் பொட்டு வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது.

பிறகு வாழைப்பழம் வந்தது. வெற்றிலை மாலை வந்தது. கோயில் கமிட்டியின் இராமகிருஷ்ணன், குழந்தைக்கு அஞ்சனா என்று பெயர் வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ரூபா என்று வைஜெயந்தி ஏற்கெனவே வைத்துவிட்டாள். எங்கள் அம்மா சொர்ணம்மா மட்டும் மூலையில் உட்கார்ந்து அழுதாள். கச்சாலில் ஒரு குரங்கின் மேல் அவள் வெந்நீரை ஊற்றியிருந்தாளாம். அந்தப் பாவம்தான் பேத்தி முதுகில் வந்து உட்கார்ந்திருக்கிறதாம்.

"ஏம்மா, அந்தக் கொரங்குக்கு அவ்ளோ ஞாபகசக்தி இருந்திருந்தா மறுநாளே திரும்பவும் தேங்காய் திருட வந்திருக்குமா? வந்திச்சுதானே? கண்ணத் தொடைச்சுக்க" என்றாள் வைஜெயந்தி.

சாமி என்றவர்களுக்கும் சாபம் என்றவளுக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: அம்மா வயிற்றில் எல்லோருக்கும் இருந்த வால்தான் இது. அதுவரை பொறுமையாகத்தான் சொன்னாள். வடைமாலை வந்த பிறகுதான் மாறினாள்.

நேர்த்திக்கடன் என்று யாரோ கோயிலில் சாத்த வேண்டிய வடைமாலையை நேராக வீட்டுக்கே கொண்டுவந்து தொட்டில் கயிற்றில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வைஜெயந்தி குளிக்கப் போயிருந்த நேரம். வடைக்கு எறும்பு வந்தது. கயிறு வழியாக இறங்கியது. குழந்தை வீறிட்ட சத்தம் கேட்டு ஈரத்தலையோடு ஓடிவந்தவள், ரூபாவின் தொடையெல்லாம் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். மாலையை அறுத்து அப்படியே வாசலில் எறிந்தாள். தெருவே பார்த்தது.

அன்று மாலை கமிட்டி வீட்டுக்கு வந்தது. அவள் என்னை வீடியோவில் கூப்பிட்டு, போனை அலமாரியில் சாத்தி வைத்துவிட்டு, "அண்ணே, நீ அங்கேருந்து பாரு, வாயத் தொறக்காத" என்றாள். அவள் கணவன் நந்தகுமார் சுவரோரம் நின்றிருந்தான். வயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவன், நல்லவன், அப்பாவுக்கு முன்னால் வாய் வராதவன். வெள்ளைச்சாமி நடுவில் காற்றடித்த வளையம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அந்த வளையம் இல்லாமல் அவரால் உட்கார முடியாது.

கமிட்டிக்குள் ஏற்கெனவே ஒரு சண்டை. அனுமன் ஜெயந்தியன்று குழந்தையைக் கோயிலில் வைத்துப் பூஜை செய்ய வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று. எந்த ஜெயந்தி என்பதில்தான் தகராறு. தமிழர்களுக்கு மார்கழி. இந்திக்காரர்களுக்குச் சித்திரைப் பௌர்ணமி. மார்கழி என்றால் பாதித் தெரு வராது. கடைசியில் சித்திரை என்று முடிவாகியிருந்தது.

"அதுவரைக்கும் புள்ள மேல கத்தி படக்கூடாது. அவ்வளவுதாம்மா நாங்க கேக்குறது" என்றார் இராமகிருஷ்ணன்.

வெள்ளைச்சாமி தலையசைத்தார். "நாலு மாசம்தானத்தா. எல்லாரும் இம்புட்டுத் தூரம் வந்து சொல்றாக."

வைஜெயந்தி எழுந்து நடுவில் வந்தாள். "சரி. எல்லாரும் கைய நீட்டுங்க."

யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் நீட்டினார்கள், பிரசாதத்துக்கு நீட்டுகிற மாதிரி.

"கட்டவெரலையும் சுண்டுவெரலையும் ஒட்டி வைங்க. மணிக்கட்ட உள்பக்கமா லேசா மடக்குங்க. நடுவுல கயிறு மாதிரி ஒண்ணு எழும்புதா?"

எனக்கு எழும்பியது. அறையில் எல்லோரும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்திக்கார அம்மாவுக்கு இரண்டு கையிலும் இருந்தது. நந்தகுமாருக்கு இரண்டிலும் இல்லை. இராமகிருஷ்ணனுக்கு வலது கையில் இருந்தது, இடது கையில் இல்லை. அவர் இடது கையை உதறிவிட்டு மறுபடி மடக்கிப் பார்த்தார்.

"தேடாதீங்க அங்கிள், தொலைஞ்சு போகல. மரத்துல தொங்குற பொழப்புக்கு ஒதவுன தசை அது. நமக்கு அந்தப் பொழப்பு இல்ல. சில பேருக்கு இருக்கும், சில பேருக்கு இருக்காது. இருக்கிறவங்க கைக்கு யாராவது மாலை போட்டீங்களா?"

"கையும் வாலும் ஒண்ணாம்மா?" என்றார் இராமகிருஷ்ணன்.

"சரி, வாலுக்கே வருவோம். மாமா, நீங்க என்னாத்துக்கு அந்த வளையத்துல உக்காந்திருக்கீங்க?"

"விழுந்ததுல வாலெலும்பு விட்டுப் போச்சுல்ல."

"வாலே இல்லாத மனுசனுக்கு வாலெலும்பு எதுக்கு மாமா?"

முதலில் சிரித்தது நந்தகுமார். அப்பா பார்த்த பார்வையில் அடங்கினான்.

"அப்ப நாமெல்லாம் குரங்குக்குப் பொறந்தவகன்னு சொல்றியா?" வெள்ளைச்சாமியின் குரல் மாறியிருந்தது.

"இல்ல மாமா. கச்சால் குரங்கும் நம்மளும் ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரே வீட்டுலேர்ந்து பிரிஞ்சு போனவங்க. பரமக்குடில உங்க பெரியப்பா மக்கள் இருக்காங்கள்ல, அந்த மாதிரி. அவங்க உங்களப் பெத்தவங்க இல்லியே."

"அவனுகளுக்குக் குரங்கே தேவலாம்" என்றார் அவர். இப்போது அறை முழுக்கச் சிரித்தது.

இராமகிருஷ்ணன் விடவில்லை. "கோடி வருசத்துக்கு முன்னாடி நடந்ததுன்னு சொல்றே. யாரு கூட இருந்து பாத்தா?"

"போன மழையில எங்க கவுன்டருக்கு ரெண்டு பேர் வந்தாங்க. ஒரே பெர்த்துக்கு ரெண்டு டிக்கெட். நான் வேற எடத்துல வாங்கினேன், அவரு வேற எடத்துல வாங்கினாருன்னு சத்தியம் பண்ணாங்க. ரெண்டு டிக்கெட்லயும் ஒரே எழுத்துக்குப் பக்கத்துல ஒரே மாதிரி ஒரு கறை. அடிச்சத யாரும் பாக்கல. ஆனா ஒரே மெஷின்ல அடிச்சதுன்னு வரிசையில நின்ன அத்தன பேருக்கும் தெரிஞ்சிச்சு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வால் செய்யுறதுக்கான குறிப்பு நம்ம ஒடம்புல இன்னும் இருக்கு அங்கிள். அதுல ஒரு எடத்துல அதே மாதிரி ஒரு கறை விழுந்திருக்கு. மனுசனுக்கும் சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அதே எடத்துல அதே கறை. வாலுள்ள கச்சால் குரங்குக்கு அது கெடையாது. இப்ப சொல்லுங்க, நம்ம டிக்கெட்ட எந்த மெஷின்ல அடிச்சாங்க?"

இராமகிருஷ்ணன் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்க எல்லாருமே எங்கேருந்தோ வந்தவங்கதான்" என்றாள் அவள். "மெயின்லேண்ட்லேருந்து கப்பல்ல வந்தோம்னு சொல்ல ஒருத்தருக்கும் வெக்கம் இல்ல. அதுக்கும் முன்னாடி வந்த வழியச் சொன்னா மட்டும் ஏன் கோவம் வருது?"

"சரித்தா" என்றார் வெள்ளைச்சாமி. "எல்லாருக்கும் வால எடுத்தவரு இவளுக்கு மட்டும் ஏன் விட்டு வெச்சாரு? அதையும் நீயே சொல்லு."

அவருடைய கேள்வி நல்ல கேள்வி.

"தெரியாது மாமா. டாக்டருக்கே தெரியாது. வால் மாதிரி இருக்கிறதெல்லாம் வால் இல்ல, வெறும் கொழுப்பாக்கூட இருக்கலாம், ஸ்கேன்ல பாக்கணும்னுதான் சொல்லியிருக்காங்க. விட்டு வெச்சது சாமியாவே இருக்கட்டும். உங்க வால எடுத்தவரும் அவருதானே? மிச்சத்த டாக்டர் எடுக்கட்டும்." பிறகு எல்லோரையும் பார்த்தாள். "இன்னைக்கு மாலை போடுறீங்க. நாளைக்கு இவளப் பொண்ணு பாக்க ஒருத்தன் வந்து தெருமுனையில வெசாரிப்பான். அப்ப இவ சாமின்னு எத்தன பேர் சொல்லுவீங்க? எம் மக சாமியும் இல்ல, சாபமும் இல்ல. ரூபா. அவ முதுகுல இருக்கிறது உங்க எல்லாருக்கும் இருந்தது. நான் சித்திரை வரைக்கும் இருக்க ஏலாது. புதன்கெழம ஃப்ளைட்டுக்குப் போறேன்."

எல்லோரும் வெள்ளைச்சாமியைப் பார்த்தார்கள். அவர் வளையத்திலிருந்து சிரமப்பட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார். அலமாரியிலிருந்த நான், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததால், திறக்கவில்லை.

புதன்கிழமை அவள் போனாள். அம்மா கூடப் போனாள், வழியெல்லாம் குரங்கிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. ஆட்டோ கடையைக் கடக்கும்போது ஷட்டர் பாதி இறக்கியிருந்ததாம். நந்தகுமார் விமான நிலையம்வரை வந்து, உள்ளே போகாமல் நின்றுவிட்டானாம். "சைட்ல வேல இருக்கு" என்றானாம். "இருக்கட்டும். முடிச்சிட்டு வாங்க" என்றாளாம்.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். அந்தச் சின்ன வாலின் அடியிலிருந்து ஓர் இழை உள்ளே போய் முதுகுத்தண்டின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒன்றும் தெரியாது, குழந்தை வளர வளரக் கால் வலுவிழக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். காத்திருக்க வேண்டாம் என்றார். வாலை எடுப்பது சின்ன வேலை. உள்ளே போய் அந்த இழையை விடுவிப்பது சின்ன வேலை இல்லை.

ஸ்கேன் செய்தி போன மறுநாள் நந்தகுமார் சென்னையில் இருந்தான். கமிட்டியிடம் அவன் என்ன சொல்லிவிட்டு வந்தான் என்று வைஜெயந்தி கேட்கவில்லை. "பயமா இருக்கா?" என்று நான்தான் அவளைக் கேட்டேன்.

"இருக்கு" என்றாள். "பயத்துக்காக யார் காலிலயும் விழ மாட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீ போன வை, சும்மா சும்மா போடாத."

பொங்கல் கழிந்து இன்றுதான் ஆபரேஷன். ரூபாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். அதன் பிறகு எதுவும் இல்லை. சும்மா சும்மா போடக் கூடாது என்று நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். அது அடித்தது. வெள்ளைச்சாமி. இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு போன் செய்தது இதுதான் முதல் தடவை.

"தம்பி, நல்லாருக்கீகளா?"

"இருக்கேன் மாமா."

"மருமக எடுக்க மாட்டேங்குது. நந்தகுமாரும் எடுக்க மாட்டேங்கிறான். எம் மேல கோவமா, இல்ல அங்கன வேற எதுவுமான்னு ஒண்ணும் புரியல." பின்னால் கடையில் யாரோ சர்க்கரை கேட்டார்கள். "அப்புறம் வாங்க, கடை மூடியாச்சு" என்று அவர்களிடம் சொன்னார். "கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். கமிட்டில இருந்து என்னைய வெலக்கிப்புட்டாக. மருமக வாய அடக்கத் தெரியாதவன்னு சொல்றாக. சொல்லட்டும். அது வாய அடக்கி இவுகளுக்கு என்ன ஆகணும்?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தம்பி, காலு நல்லாத்தானே வரும்?"

"வரும்னுதான் டாக்டர் சொல்றாரு மாமா."

"அந்தப் புள்ள நடந்துட்டாப் போதும். வாலாவது ஒண்ணாவது. நீங்க போட்டுப் பாருங்க. உங்க நம்பர்னா எடுக்கும். நான் வெச்சுட்டு இங்கனயே உக்காந்திருக்கேன்."

வைத்துவிட்டார். நான் வைஜெயந்தியின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தேன். மணி போகிறது. நின்றது. மறுபடி போட்டேன். லம்பா லைனில் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், காற்றடித்த வளையத்தின் மேல் ஒருவர் காத்திருக்கிறார். மணி போய்க்கொண்டே இருக்கிறது.